எவ்வளவு ஆகும்? என் நிறத்துக்கு வருமா?

தஞ்சாவூரில் வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டு பியூட்டி பார்லர் நடத்துகிறேன். எட்டு வருஷம் ஆகிறது. என்னைப் போலவே சின்னதாக நடத்தும் தோழிகள், "ஆன்லைன்ல இருந்து உங்களுக்கு எப்படிக்கா கஸ்டமர் வர்றாங்க?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

போன வைகாசியில் ஒரத்தநாடு பக்கத்துப் பெண் ஒருத்தி, இரவு பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பினாள். மணப்பெண் மேக்கப்புக்குத்தான் கேட்டாள், கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. "அக்கா, நீங்க மட்டும்தான் ரேட் போட்டிருக்கீங்க" என்பதுதான் முதல் வரி. அதற்கு முன் நான்கு பார்லர்களில் கேட்டிருக்கிறாள். மூன்று பேர் இன்பாக்ஸுக்கு வரச் சொன்னார்களாம், ஒருவர் நேரில் வந்தால் பேசிக்கொள்ளலாம் என்றாராம். அவள் அப்பா கடன் வாங்கித்தான் கல்யாணத்தை நடத்துகிறார். விலை தெரியாமல் ஒரு கடைக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கட்டுப்படியாகாது என்று எழுந்து வருவது எவ்வளவு கூச்சம்! அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே எத்தனையோ பெண்கள் நம் வாசல் வரை வருவதில்லை.

அவளுடைய அடுத்த வரி: "நான் கொஞ்சம் கருப்பு. என்ன மாதிரி கலருக்கு நீங்க பண்ண போட்டோ இருக்கா?"

ஆன்லைனில் நம்மைத் தேடி வருகிறவர்களின் மனதில் இருப்பது இந்த இரண்டு கேள்விதான். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் நாமே முன்கூட்டிப் பதில் சொல்லிவிட வேண்டும்.

விலையைப் போடச் சொன்னால், பக்கத்துத் தெரு பார்லர் பார்த்துவிட்டுக் குறைத்துப் போட்டுவிடும் என்கிறார்கள். போடட்டும். அவருக்கு நம் விலை ஏற்கெனவே தெரியும், நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கேயும் போகிறவர்கள்தானே. நான் வாட்ஸப் பிசினஸில் கேட்டலாக், அதாவது படத்தோடு விலைப் பட்டியல், போட்டு வைத்திருக்கிறேன். மணப்பெண் மேக்கப் முகூர்த்தத்துக்கு மட்டும் என்றால் 9,000 ரூபாய், ரிசப்ஷனும் சேர்த்தால் 15,000. புடவை கட்டுவதும் ஜடை போடுவதும் அதற்குள். பூவும், வெளியூர் என்றால் வண்டிச் செலவும் தனி. எது தனி என்று எழுதுவதுதான் முக்கியம். சண்டை வருவதே அங்கேதான்.

சரி, படங்கள். மாநிறப் பெண்ணுக்கு அவள் நிறத்தைவிட இரண்டு ஷேட் வெளுப்பான ஃபவுண்டேஷனைப் பூசினால் முகம் சாம்பல் பூத்துவிடும், கழுத்து ஒரு நிறமும் முகம் ஒரு நிறமுமாகத் தெரியும். மண்டபத்தில் வீடியோக்காரர் லைட்டைப் போட்டதும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஃபில்டர் போட்ட படத்தில் மட்டும் தெரியாது. அதனால்தான் ஃபில்டரை நான் தொடுவதில்லை. ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி, போனிலேயே எடுக்கிறேன். தாடை ஓரத்தில் மூன்று ஷேட் தடவிப் பார்த்து எது சேர்கிறது என்று காட்டுகிற சின்ன வீடியோக்களும் போடுகிறேன். கல்யாணத்துக்கு வெள்ளையாக்கித் தருகிறோம் என்று விளம்பரம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் பிள்ளைகளின் மனதை முதலில் உடைத்துவிட்டு, அப்புறம்தானே காசு வாங்குகிறோம்?

படம் போட வீட்டாரின் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்றால் பின்பக்கம் ஜடை அலங்காரத்தை மட்டும் எடுத்துக் கேட்டுப் போடுங்கள். அதுவும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஃபாலோயர் எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு ஒருவரிடம் 6,000 ரூபாய் கொடுத்தேன். ஆயிரக்கணக்கில் ஏறியது. பேர்களைப் பார்த்தால் முக்கால்வாசி வட நாட்டுக்காரர்கள். அப்படி ஏறியவர்களில் ஐப்ரோ செய்யக்கூட ஒருத்தி வந்ததில்லை. நமக்கு வேண்டியவர்கள் வண்டியில் பத்து, இருபது நிமிஷத்தில் வந்துவிடக்கூடியவர்கள். அவர்கள் கூகுள் மேப்பில் தேடுகிறார்கள். அங்கே கடையைப் பதிவது இலவசம். திறக்கும் நேரம், லீவு நாள், போன் நம்பர், வாசல் படம் எல்லாம் சரியாக இருக்கட்டும். சொந்தக்காரர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போட வைக்காதீர்கள். ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்பதையும் கூகுள் அனுமதிப்பதில்லை. வேலை முடிந்து திருப்தியாகக் கிளம்புகிறவரிடம், என்ன செய்துகொண்டீர்கள் என்று ரெண்டு வரி எழுதச் சொல்லுங்கள், போதும்.

ஆடி வந்தால் தொழில் இல்லை என்று உட்கார்ந்துவிடுகிறோம். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் பெண்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவது அந்த மாதத்தில்தான். விலையும் படங்களும் அதற்குள் ஏறியிருக்க வேண்டும்.

ஒரத்தநாட்டுப் பெண் ட்ரையலுக்கு வந்தாள், கல்யாணத்துக்கும் நான்தான் போனேன். அவள் தங்கைக்கு ஆவணியில் நிச்சயம், அதற்கும் சொல்லியிருக்கிறார்கள்.

பார்லர் வைத்திருக்கும் தோழிகள் உங்கள் ஊரையும் விலையையும் கீழே கமெண்டில் எழுதுங்கள். என்னுடைய முழு விலைப் பட்டியலை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன்.