மூன்றாம் நாள் எக்கோவை வைத்து ஸ்டென்டைக் குறை சொல்லாதீர்கள்

"ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள் எக்கோவில் இ.எஃப். 40தான், அப்போ ஸ்டென்ட் வேலை செய்யல" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், காட்டுவது இதயத் தசை எப்படிச் சுருங்குகிறது என்பதை. இ.எஃப். என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு. அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்டுக்குள் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க ஆஞ்சியோகிராம் வேண்டும்.

மாரடைப்பில் ரத்தமில்லாமல் தவித்த தசை, குழாய் திறந்ததும் துள்ளி எழாது. உயிரோடுதான் இருக்கும், ஆனால் மரத்துப்போய்க் கிடக்கும். தேற நாள்கள், பல சமயம் வாரங்கள் ஆகும். அதனால்தான் ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தால் மின்னதிர்ச்சி கொடுக்கும்) கருவி பொருத்துவதா என்று முடிவெடுக்கும் முன், மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாள், அடைப்பு நீக்கியிருந்தால் 90 நாள் பொறுத்து இ.எஃப்.ஐ மறுபடி அளக்கிறார்கள்.

தழும்பாகிவிட்ட தசை வேறு கதை. கடோலினியம் என்ற சாய மருந்து செலுத்தி எடுக்கும் இதய எம்.ஆர்.ஐ.யில் அது வெள்ளையாகத் தெரியும். சுவரின் தடிமனில் பாதிக்கு மேல் வெள்ளை என்றால், அந்த இடம் தேறுவது கடினம்.

அப்புறம், 40க்கும் 44க்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பதறவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். எக்கோ எடுப்பவர் மாறினாலே அவ்வளவு மாறும். ஆனால் நெஞ்சுவலி திரும்பினால், இ.எஃப். 60 இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.