மெக்கேயின் சானெட்டும் அதன் சினமும்

ஜமைக்காவில் பிறந்து அமெரிக்காவில் எழுதிய கறுப்பினக் கவிஞர் கிளாட் மெக்கே, சானெட் என்னும் ஆங்கிலேயரின் பதினான்கடிப் பா வடிவத்தைக் கைக்கொண்டதால் அவருடைய எதிர்ப்பு மழுங்கிவிட்டது என்று அவரைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 1919ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தாக்கிய வேளையில், ரயிலின் உணவுப் பெட்டியில் பரிசாரகராக வேலை பார்த்துவந்த மெக்கே எழுதிய ‘இஃப் வி மஸ்ட் டை’ (நாம் சாகத்தான் வேண்டுமெனில்) என்ற கவிதை, அவ்வாண்டு ஜூலையில் ‘லிபரேட்டர்’ இதழில் வெளியானது. வேட்டையாடி அடைக்கப்பட்ட பன்றிகளைப்போல் சாகக் கூடாது, சுவரோரம் நெருக்கப்பட்டாலும் திருப்பி அடித்தே சாக வேண்டும் என்ற அறைகூவல் பதினான்கே அடிகளில் முடிந்துவிடுகிறது. கறுப்பினப் பத்திரிகைகள் பல அதை எடுத்து மறுபதிப்புச் செய்தன. மழுங்கிய கவிதைக்கு அந்த வரவேற்பு கிடைத்திருக்குமா?

கட்டுரை தொடாத ‘த லிஞ்சிங்’ (கும்பல் கொலை) என்ற கவிதை காட்டுவது இன்னும் கொடியது. 1922இல் வந்த ‘ஹார்லெம் ஷாடோஸ்’ தொகுப்பில் உள்ள அக்கவிதையில், தொங்கும் உடலைக் காண முண்டியடிக்கும் பெண்களின் நீலக் கண்களில் துயரத்தின் சாயலே இல்லை. நாளைய கொலையாளிகளாகப் போகும் சிறுவர்கள் உடலைச் சுற்றிக் கும்மாளமிட்டு ஆடுவதை, சானெட்டின் இறுதி ஈரடிக்கென்றே மெக்கே நிறுத்திவைக்கிறார். வடிவம் அங்கே அலங்காரம் அன்று.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதைகளில் ஒலிக்கும், கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸின் சந்தத்தைக் கட்டுரையாளர் உயர்த்திப் பேசுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1912இலேயே ஜமைக்கப் பேச்சுமொழியில் இரு கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டிருந்த மெக்கே, மக்கள்மொழி கைவராமல் சானெட்டை நாடியவர் அல்லர்.