பழையதை இடிக்காமலும் புதுக் கட்டடக்கலை உண்டு
"இன்றைய ஆர்க்கிடெக்ட்களுக்கு இடித்துவிட்டுக் கட்டத்தான் தெரியும், பழைய கட்டடத்தைச் சரிசெய்வது எப்போதும் கூடுதல் செலவு" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

பிரான்சின் போர்தோ நகரில் கிராண்ட் பார்க் குடியிருப்பைப் பாருங்கள். அங்கே 1960களில் எழுந்த மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள், 530 வீடுகள். அன் லகாதோன், ஜான்-பிலிப் வசால் இருவரும் வேறு இரண்டு கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து அவற்றைப் புதுப்பித்தார்கள். பழைய சுவருக்கு வெளியே, தனித் தாங்கலோடு, ஏறக்குறைய 3.8 மீட்டர் வெளியே நீளும் கண்ணாடிக் கூடங்களைச் சேர்த்தார்கள். சின்ன ஜன்னல் இருந்த இடத்தில் ஆளுயர நகர்கதவு வந்தது. வேலை நடந்தபோதும் மக்கள் அதே வீடுகளில்தான் இருந்தார்கள், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. இடித்துக் கட்டியிருந்தால் இதைவிடப் பல மடங்கு செலவாகியிருக்கும். 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டடக்கலைக்குத் தரும் மீஸ் வான் டெர் ரோ விருது இதற்குக் கிடைத்தது. 2021இல் லகாதோன், வசால் இருவருக்கும் கட்டடக்கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு. தொழிலின் ஓரத்தில் யாரோ செய்த சோதனை இல்லை இது.

அஸ்திவாரமே போய்விட்ட கட்டடம் என்றால் கணக்கு மாறும், அது உண்மைதான். ஆனால் "எப்போதும்" என்று சொல்லாதீர்கள். ஏற்கெனவே நிற்கும் கான்கிரீட்டுக்கான சிமென்டும் கம்பியும் செலவாகி முடிந்தவை. இடித்தால் அத்தனையும் வீண், அப்புறம் அதே அளவுக்குப் புதிதாக வேண்டும். எந்தக் கட்டடமானாலும், முதலில் தூணையும் தளத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.