இட்லிக்கார அக்கா லேபுக்கு வந்திருந்தாங்க

"இன்னிக்கு இட்லிக்கார அக்கா சளி டெஸ்டுக்கு வந்திருந்தாங்கம்மா."

பன்னிரண்டு வருஷம் முன்னாடி, லேப் வேலையில சேர்ந்த புதுசு. ராத்திரி சாப்பிடும்போது அம்மாகிட்ட நான் சொன்னது இவ்வளவுதான். பாவமேன்னுதான் சொன்னேன். அம்மாவும் பாவமேன்னுதான் பூக்காரம்மாகிட்ட சொல்லியிருக்காங்க.

நாலே நாள். வண்டிப்பாளையத்துல அந்தக் கடை முன்னாடி ஆளே இல்ல. தூக்குச்சட்டியோட வர்ற பிள்ளைங்க அடுத்த தெருவுக்குப் போச்சுங்க. காலையில எட்டு மணிக்கே, பாதி மாவு மிச்சம் இருக்கும்போதே, அக்கா குண்டானை மூடித் துணி கட்டுனதை என் கண்ணால பார்த்தேன்.

சளி டெஸ்ட்ல டிபி உறுதியானா அரசுக்குத் தெரிவிக்கணும். 2012லேர்ந்தே கட்டாயம். அரசுக்கு, பூக்காரம்மாவுக்கு இல்ல. நான் ரிசல்ட்டைக்கூட சொல்லல, 'வந்திருந்தாங்க'ன்னுதான் சொன்னேன். அதுவே போதுமா இருந்துச்சு.

நோயாளி ரகசியம்னு பேச்செடுத்தா இப்ப ஹேக்கர், பாஸ்வேர்டுன்னு ஆரம்பிச்சுடறாங்க. அதுவும் வேணும், 2023ல டிஜிட்டல் தரவுக்குத் தனிச் சட்டமே போட்டாச்சு. ஆனா கடலூர்ல நான் பார்த்த வரைக்கும் ரகசியம் கவுண்டர்லதான் கசியுது. "நான் அவளோட சித்தப்பாம்மா"ன்னு ஒருத்தர் கை நீட்டுவார், கவரைக் கொடுத்துடுவோம். நெஜமாவே சித்தப்பாதான், பொய் இல்ல. அந்தப் பொண்ணு அவருக்குத் தெரியக்கூடாதுன்னு நினைச்சிருந்தா? வார்டுல பத்துப் பேர் நடுவுல "அந்த எச்.ஐ.வி கேஸ் எந்த பெட்?"னு கத்திக் கேட்கறதையும் கேட்டிருக்கேன். எச்.ஐ.வி-க்குன்னே 2017ல போட்ட சட்டம் 2018 செப்டம்பர்லேர்ந்து அமல்ல இருக்கு. சம்மதம் இல்லாம ஒருத்தரோட நிலையைப் பொதுவா வெளிய சொல்லக்கூடாதுன்னு அதுல இருக்கு.

2020 மே மாசம் ஞாபகம் இருக்கா? கோயம்பேட்டுலேர்ந்து திரும்பின நம்ம மாவட்டத்து ஆளுங்களுக்குக் கொரோனான்னு வந்தப்ப, பேர், தெரு, போன் நம்பரோட ஒரு லிஸ்ட் என் போனுக்கே மூணு குரூப்ல வந்துச்சு. அனுப்பினவங்க யாரும் கெட்டவங்க இல்ல. எல்லாம் 'நம்ம நல்லதுக்கு'.

நோயாளி ரகசியத்தைக் காக்கணும்னு டாக்டர்களுக்கு 2002லேர்ந்தே எழுத்துல விதி இருக்கு. ரத்தம் எடுக்கற எங்களுக்கு, ஸ்ட்ரெச்சர் தள்ளற அண்ணனுக்கு, வார்டு ஆயாவுக்கு? ஊசிக்கு வெள்ளை டப்பா, ரத்தப் பஞ்சுக்கு மஞ்சள் பைன்னு வருஷா வருஷம் கிளாஸ் எடுக்கறாங்க. காதுல விழுந்ததை எங்க போடணும்னு நான் வேலை பார்த்த எந்த இடத்துலயும் சொல்லித் தரல.

"நம்ம ஊர்ல யாரு தனியா ஆஸ்பத்திரி வர்றா, குடும்பத்துக்குத் தெரியாம வைத்தியம் பண்ண முடியுமா?"ன்னு கேட்பீங்க. முடியாதுதான். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரங்கன்னு வேன் பிடிச்சு வர்ற ஊரு இது. அதுக்காக முடிவை நாம எடுக்க வேணாம். "இவங்க முன்னாடி சொல்லலாமாம்மா?"ன்னு நோயாளியையே ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேட்கறேன். சில பேர் தலையாட்டுவாங்க. சில பேர் ஒண்ணும் சொல்லாம கூட வந்தவங்களைப் பார்ப்பாங்க, அப்ப நான் "கொஞ்சம் வெளிய இருங்க"ன்னு சொல்லிடுவேன். திட்டு வாங்கியிருக்கேன், பரவாயில்ல.

ரெண்டு மாசம் கழிச்சு அக்கா சுகர் டெஸ்டுக்கு வந்தாங்க. ஊசி குத்தற வரைக்கும் பேசல. பஞ்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே கேட்டாங்க: "பாப்பா, சளியில ஒண்ணும் இல்லன்னுதானே வந்துச்சு. அதையும் அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"