நடுவர் மேசையில் ஒரு வாளி

(ஓர் ஒயின் ஆலை. அங்கே "பொயட்ரி ஸ்லாம்" என்ற கவிதைப் போட்டி நடத்த ஏற்பாடு பார்க்க வந்த கவிஞரும், ஆலையின் மேலாளரும்.)

கவிஞர்: சார், நடுவர் மேசையில் வாளி வைத்திருக்கிறீர்களே, மனசு நிறைந்துவிட்டது. இத்தனை வருடமாகக் கவிதை மாலைகள் நடத்துகிறேன், கவிஞர்களுக்கு உண்டியல் வைத்த முதல் ஆள் நீங்கள்தான். போணியாக நானே ஒரு நோட்டைப் போட்டுவிட்டேன்.

மேலாளர்: மேடம், அது துப்புகிற வாளி.

கவிஞர்: என்னது?

மேலாளர்: ஐந்து நடுவர்கள், கையில் மதிப்பெண் அட்டை என்றீர்கள். ஒயினைச் சுவைத்து மார்க் போடுகிறவர்கள் விழுங்க மாட்டார்கள், வாயில் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுவார்கள். விழுங்கினால் பத்தாவது கோப்பைக்குள் எல்லாமே பிரமாதம் ஆகிவிடும்.

கவிஞர்: அவர்கள் மார்க் போடப்போவது கவிதைக்கு.

மேலாளர்: கவிதைக்குத் துப்ப மாட்டார்களா?

கவிஞர்: துப்புவார்கள். அதற்கு வாளியெல்லாம் கேட்க மாட்டார்கள்.

மேலாளர்: சரி, உங்கள் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் யாரும் ஆரம்பிக்கவில்லை. நடுவர்கள் பெரிய புலவர்களா? முன் வரிசையில் நல்ல நாற்காலி போடவா?

கவிஞர்: புலவர்களே வேண்டாம். கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களில் ஐந்து பேர். பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ள மூன்றையும் கூட்டுவோம். ஒருவருக்கு மூன்று நிமிடம், அதற்குமேல் பத்து விநாடி சலுகை. அதையும் தாண்டினால் ஒவ்வொரு பத்து விநாடிக்கும் அரை மார்க் வெட்டு.

மேலாளர்: அடடா! "இதோ, இன்னும் ஒரே ஒரு சின்னக் கவிதை" என்பவரை என்ன செய்வீர்கள்?

கவிஞர்: அவருக்காகத்தானே இந்த விதியே.

மேலாளர்: இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது?

கவிஞர்: மார்க் ஸ்மித் என்று ஒருவர், கட்டட வேலை பார்த்தவர். சிகாகோவில் கிரீன் மில் என்ற மதுக்கூடத்தில் 1986இல் ஆரம்பித்தார்.

மேலாளர்: மதுக்கூடத்திலா! அப்படியானால் கவிதைக்கு இது தாய்வீடு மாதிரி என்று சொல்லுங்கள்.

கவிஞர்: தாய்வீட்டில் யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள் சார்.

(மேலாளர் இதைக் கேட்காத மாதிரி ஒரு பீப்பாயைத் துடைத்தார். அந்தப் பீப்பாயில் தூசியே இல்லை.)

மேலாளர்: மேடையைப் பீப்பாய் அறையில் போட்டிருக்கிறேன். ஒரு பீப்பாய் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். பின்னணியில் அடுக்கி வைத்தால் போட்டோவுக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கும்.

கவிஞர்: குளிர்கிறதே.

மேலாளர்: 13 டிகிரி. அதற்குமேல் போனால் ஒயினுக்கு ஆகாது.

கவிஞர்: கவிஞருக்கு?

மேலாளர்: சால்வை போர்த்துவது உங்கள் பக்கத்து வழக்கம்தானே?

கவிஞர்: எதிரொலி வேறு. கைதட்டிப் பாருங்கள், ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை கேட்கும்.

மேலாளர்: கவியரங்கத்தில் எப்படியும் இரண்டு தடவைதானே படிப்பார்கள்? அறையே படித்துக்கொள்ளட்டும், உங்களுக்குப் பாதி நேரம் மிச்சம்.

கவிஞர்: அது என்ன உறுமல்?

மேலாளர்: தொட்டிகளுக்கான குளிர்விப்பான். தானாக ஓடும், தானாக நிற்கும்.

கவிஞர்: எப்போது ஓடும்?

மேலாளர்: யாராவது ஒரு வரியைச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, மௌனமாக நிற்பார்கள் பாருங்கள், அப்போது. போன தடவை வயலின்காரருக்கும் அதுதான் நடந்தது. அப்புறம், ஏழரைக்கு ஒரு சுற்றுலாக் குழு இந்த வழியாகப் போகும். பெரிய தொந்தரவு இல்லை, வழிகாட்டிக்குக் கையில் மைக் இருக்கிறது.

கவிஞர்: எங்களுக்கு?

மேலாளர்: இருப்பது அந்த ஒரு மைக்தான். அவர் போனதும் வாங்கிக்கொள்ளலாம்.

கவிஞர்: இடமில்லாதவர்களைத் தரையிலாவது உட்கார வைக்கலாமா?

மேலாளர்: நொதித்தல் நடக்கிற சமயத்தில் வேண்டாம். அப்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். தரையில் உட்கார்ந்தவர்களுக்குத் தலைசுற்றும், அதற்கு மேலும் ஆகும்.

கவிஞர்: பரவாயில்லையே, ரசிகர் மயங்கினால் கவிதை என்று சொல்லிக்கொள்ளலாம்.

மேலாளர்: விளையாடாதீர்கள் மேடம், ஆளையே கொன்றுவிடும். அறுவடை முடிந்து, நொதித்தல் அடங்கி, காற்றோட்டம் சரிபார்த்த பிறகுதான் தேதியே கொடுப்பேன்.

(இந்த ஒரு விஷயத்தில் மனிதர் கறார். மெச்சத்தான் வேண்டும்.)

மேலாளர்: நிகழ்ச்சி நிரலில் முதல் பெயருக்கு எதிரே "பலிக்கவிஞர்" என்று போட்டிருக்கிறதே?

கவிஞர்: அவர் போட்டியில் இல்லை. நடுவர்கள் மார்க் போட்டுக் கை பழக முதலில் ஒருவர் படிப்பார். மாலை ஏற ஏற மார்க்கும் ஏறிக்கொண்டே போகும், அதனால் முதலில் வருகிறவருக்கு எப்போதும் நஷ்டம்.

மேலாளர்: அப்படியானால் அவருக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை, இல்லையா?

கவிஞர்: மற்றவர்களுக்கு என்ன தருகிறீர்கள்?

மேலாளர்: மேடை தருகிறோம். வெளிச்சம். நல்ல கூட்டம். பெயர் கிடைக்கும்.

கவிஞர்: பெயரை எங்கள் அப்பா அம்மாவே வைத்துவிட்டார்கள் சார். நாற்காலி வாடகை கொடுக்கிறீர்களா?

மேலாளர்: கொடுக்காமல்?

கவிஞர்: பாலாடைக்கட்டி கொண்டுவருகிறவருக்கு?

மேலாளர்: அவர் சும்மா தருவாரா?

கவிஞர்: போட்டோ எடுப்பவருக்கு?

மேலாளர்: முன்பணமே போய்விட்டது.

கவிஞர்: அவர் யாரைப் போட்டோ எடுப்பார்?

மேலாளர்: கவிஞர்களைத்தான்... சரி, சரி. பேசாமல் அந்த வாளியையே உண்டியலாக வைத்துக்கொள்ளுங்களேன். நன்றாகக் கழுவித் தரச் சொல்கிறேன்.

கவிஞர்: கழுவவே வேண்டாம், நாங்கள் பழகியவர்கள்.

மேலாளர்: கோபப்படாதீர்கள். படிக்கிற ஒவ்வொருவருக்கும் இரண்டாவது பாட்டிலுக்கு 20 சதவீதத் தள்ளுபடி கூப்பன். திருப்திதானே?

கவிஞர்: முதல் பாட்டிலுக்கு?

மேலாளர்: அதை வாங்கினால்தானே இரண்டாவது வரும்!

கவிஞர்: அதியமான் இப்படிக் கூப்பன் நீட்டியதில்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அப்படியே ஔவைக்குக் கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் ஔவையையும் பாட வைத்து, கூட உட்கார்ந்து தானும் குடிப்பான்.

மேலாளர்: யார் அது? எந்த ஒயினரி?

கவிஞர்: தகடூர்.

மேலாளர்: இன்னும் நடத்துகிறாரா?

கவிஞர்: இல்லை, போரில் செத்துப்போனான்.

மேலாளர்: பார்த்தீர்களா? இருப்பதையெல்லாம் இலவசமாக ஊற்றினால் தொழில் எங்கே நிற்கும்?

கவிஞர்: ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் ஆகியும் அவன் கொடுத்த அந்தக் கள்ளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் சார். உங்கள் 20 சதவீதத்தைப் பற்றி எத்தனை நாள் பேசுவார்கள்?

மேலாளர்: ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பேசலாம். திங்கட்கிழமை கூப்பன் செல்லாது.