சுறாவை முழுதாகக் கரைசேர்த்தால் துடுப்பை ஏற்றுமதி செய்யலாமா?

“சுறாவை முழுதாகக் கரைக்குக் கொண்டுவந்தால் போதும், துடுப்பை வெளிநாட்டுக்கு அனுப்பலாம்” என்று பரவும் தகவல் தவறு.

இரண்டு விதிகளைக் குழப்பிக்கொள்வதால் வருவது இது. துடுப்பு உடலோடு இயல்பாக ஒட்டியிருக்கும் நிலையில்தான் சுறா கரைசேர வேண்டும் என்பது இந்தியாவின் 2013 விதி. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறிவதைத் தடுக்க வந்தது. நீந்த முடியாத அந்தச் சுறா மூழ்கி, மூச்சுத் திணறிச் சாகும். வெட்டிய துடுப்பு திரும்ப வளராது. தோலுரித்துக் காயவைத்த துடுப்பைப் பார்த்து இனத்தைச் சொல்வதும் கடினம். அழியும் இனங்கள் மூட்டையோடு மூட்டையாகக் கடந்துவிடும்.

ஏற்றுமதி விதி வேறு. 2015 பிப்ரவரி முதல் எல்லாச் சுறா இனங்களின் துடுப்பு ஏற்றுமதிக்கும் இந்தியா தடை விதித்துள்ளது.

திமிங்கலச் சுறா, புதுச்சேரி சுறா, கங்கைச் சுறா ஆகியவற்றை முழுதாகக் கொண்டுவருவதும் குற்றமே. வலையில் உயிரோடு சிக்கினால் வலையை அறுத்துக் கடலிலேயே விட்டுவிடுங்கள்.