சத்தமே போடாத ஃபாரின் கீ
எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தளத்தில் ஃபாரின் கீ, அதாவது ஓர் அட்டவணையின் வரிசை இன்னோர் அட்டவணையில் உண்மையிலேயே இருக்கும் வரிசையைத்தான் சுட்ட வேண்டும் என்ற விதி, எழுதிவிட்டால் அது காவல் காக்கும் என்றுதானே எவரும் நம்புவார்கள்? காக்காது. 2009-இல் வந்த 3.6.19 பதிப்பிலேயே அப்படிக் காக்கும் வசதி வந்துவிட்டது. ஆனால் பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாதென்று இன்றும் அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள். தரவுத்தளத்தோடு இணையும் ஒவ்வொரு முறையும் பிராக்மா (PRAGMA) என்ற அமைப்புக் கட்டளை கொடுத்து நாம்தான் இயக்க வேண்டும். பைத்தானில் தரவுத்தளத்தைக் கையாள உதவும் எஸ்கியூஎல்ஆல்கெமி (SQLAlchemy) நூலகமும் தானாக அதைச் செய்யாது.

யாரோ ஒரு டெலீட் கட்டளையால் வாடிக்கையாளரை நீக்கியிருப்பார். அந்த வாடிக்கையாளரின் ஆர்டர்கள் அநாதையாகக் கிடக்கும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. அப்புறம் இரு அட்டவணைகளிலும் பொருந்தும் வரிசைகளை மட்டும் சேர்த்துத் தரும் இன்னர் ஜாயினில் அந்த வரிசைகள் காணாமல் போகும், கணக்கு இடிக்கும், நாமோ ஜாயினையே நோண்டிக்கொண்டிருப்போம். ஒரே அட்டவணைக்கு இரண்டு ஃபாரின் கீ இருந்து, எதை வைத்து இணைப்பதென்று சொல்லாவிட்டால் ஆல்கெமி உடனே கத்துகிறது. அது எவ்வளவோ மேல். எஸ்கியூலைட்டும் இந்தக் காவலை இயல்பிலேயே இயக்கி வைத்துவிட்டு, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும் என்று விடலாமே!